ஒரே பெயரில் இரண்டு தேதிகள்

போன வாரம் சௌம்யா போனில் அலுத்துக்கொண்டாள். ஒரு காலத்தில் என்னிடம் வேலை பழகியவள். இப்போது மைசூரிலேயே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருபது பேரைக் கட்டி மேய்க்கிறாள்.

"ரெண்டு பேரண்ட் மாடல்லயும் ஒரே பேர்ல ஃபீல்டு இருக்காம் மேடம். அதனால ஃப்ரேம்வொர்க் ஸ்டார்ட்டே ஆக மாட்டேன்னு அடம் பிடிக்குது. ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பா எரர். பேரை மாத்துறதே வேலையாப் போச்சுன்னு புதுசா வந்தவங்க எல்லாம் புலம்புறாங்க. உங்க காலத்துல இந்த ரோதனை இருந்துதா?"

இல்லை என்றேன். எங்கள் காலத்தில் அது அடம் பிடிக்காது. ஒரு வார்த்தை சொல்லாமல் தப்பானதை எடுத்துக்கொண்டு சமர்த்தாக வேலை செய்யும். சௌம்யா சிரித்தாள். அதையே எழுதிக் கொடுங்கள், புதியவர்களுக்குப் படிக்கக் கொடுக்கிறேன் என்றாள். அவள் கேட்டது நாலு நல்ல வார்த்தை. நான் எழுதப்போவது வேறு. இதில் நான் நல்லவளாக வரமாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்தது மைசூரில் கே.ஆர்.எஸ். ரோடு பக்கம் இருந்த ஒரு நெருப்புச் செங்கல் தொழிற்சாலையில். உலைகளின் உட்புறம் பதிக்கிற செங்கல். வெள்ளைக் கல்லை மாவாக அரைத்து, பிசைந்து, அச்சில் அழுத்தி, சுட்டு எடுப்பார்கள். அப்பா பிழைப்புக்காகச் சேலத்திலிருந்து வந்தவர். நான் பிறந்தது, படித்தது எல்லாம் மைசூர்தான். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். பி.எஸ்ஸி. முடித்து, ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் நடந்த ஆறு மாத கம்ப்யூட்டர் வகுப்பில் படித்து, அந்தத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போகிற ஏ.சி. அறை. வெளியே தொழிலாளிகளின் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். எங்கள் அறையில் ஒரு பொட்டுத் தூசி இருக்காது. மெஷினுக்குத் தூசி ஆகாது என்று அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

பிரிவுக்கு அதிகாரி நரசிம்மன் சார். மேலுகோட்டைக் குடும்பம். தமிழ் பேசுவார், நடுவில் கன்னடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படி உட்கார்ந்தது அவருக்கே தெரியாது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பென்சில் சீவுவார். பிளேடை எடுத்து, ஒரு பழைய தாளை மேஜைமேல் விரித்து, மெதுவாகச் சீவி, முனையை விரலால் தொட்டுப் பார்த்து, தூளைத் தாளோடு மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அதற்குள் எதிரே நிற்பவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

அவர் ஒரு பதிவேடு வைத்திருந்தார். சிவப்பு பைண்டு போட்ட நீள நோட்டு. எந்த அட்டவணையிலும் ஒரு புதிய பத்தி வேண்டுமென்றால், அதன் பெயரை முதலில் இந்த நோட்டில் எழுத வேண்டும். பெயர், எந்தப் பிரிவுக்கு, எதைக் குறிக்கிறது என்று ஒரு வரி, எழுதியவர், தேதி. பெயருக்கு முன்னால் பிரிவின் இரண்டெழுத்து கட்டாயம். ஆள்பிரிவு என்றால் பி.ஆர்., மருத்துவ அறை என்றால் ஹெச்.எல்., ஸ்டோர்ஸ் என்றால் எஸ்.டி. இப்படி. சனிக்கிழமை காலை காபி முடிந்ததும் அந்த வாரம் எழுதிய பெயர்களை ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், இன்னொருவர் அச்சடித்த பட்டியலில் டிக் போட வேண்டும். முடிந்ததும் பக்கத்தின் அடியில் சார் கையெழுத்துப் போடுவார்.

"மனசுக்குள்ள படிக்கலாமே சார்?" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"கண்ணு தனக்குப் பழக்கமானதைத் தாண்டிப் போயிடும் வசந்தா. காது தாண்டாது. நிதானமாப் படி, அவசரம் பேடா, வேண்டாம்" என்றார்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒருமுறை நான் இரண்டெழுத்தை விட்டுவிட்டேன். கேன்டீனுக்கும் ஸ்டோர்ஸுக்கும் 'அளவு' என்று ஒரே பெயரை வைத்தேன். சனிக்கிழமை படிக்கும்போது இரண்டு முறை 'அளவு' என்று வந்ததும் சார் கையைத் தூக்கினார். ஓட்டிப் பார்த்தால், கேன்டீன் சமையலுக்கு நாற்பது மூட்டை தீக்களிமண் வாங்கச் சொல்லி உத்தரவு தயாராகியிருந்தது. பிரிவே சிரித்தது. அப்புறம் ஒரு மாதம், சாம்பாரில் இன்னிக்கு எத்தனை மூட்டை என்று என்னைக் கேட்டு மானத்தை வாங்கினார்கள். சார் மட்டும் பென்சில் சீவினார். எனக்கு அந்த நோட்டின் மீது வெறுப்பே வந்துவிட்டது.

தொண்ணூற்றெட்டில் எல்லாம் மாறியது. இரண்டாயிரம் பிறந்தால் பழைய புரோகிராம்கள் தேதியைக் குழப்பிக்கொள்ளும் என்ற பயம் எல்லா ஆபீசையும் பிடித்து ஆட்டிய நேரம். எங்கள் நிர்வாகமும் பயந்து, பெங்களூரில் ஒரு கம்பெனியிடம், புரோகிராம்களை எழுப்புவதற்கான அடித்தளமாகப் புதிய ஃப்ரேம்வொர்க் ஒன்றை வாங்கியது. பிரவுசரில் திரை வரும், தொழிற்சாலைக்குள் எந்த மேஜையிலிருந்தும் பார்க்கலாம். அதைவிட எங்களை மயக்கியது வேறொன்று. அதில் ஒரு மாடலை, அதாவது ஓர் அட்டவணையின் அமைப்பை, இன்னொரு மாடலுக்குத் தாயாக வைக்கலாம். தாயிடம் இருக்கிற பத்தியெல்லாம் பிள்ளைக்குத் தானாக வந்துவிடும், மறுபடி எழுத வேண்டியதில்லை.

'ஆள்' என்று ஒரு தாயை வைத்தோம். பெயர், தொழிற்சாலை ஆளுக்குக் கொடுத்த டிக்கெட் எண், பிறந்த தேதி அதில். அதற்கு இரண்டு பிள்ளைகள். ஒன்று ஆள்பிரிவு நடத்துவது: சேர்ந்த தேதி, அடையாள அட்டை விவரம். மற்றது மருத்துவ அறை நடத்துவது: எக்ஸ்ரே விவரம், டாக்டர் குறிப்பு. கல் அரைக்கிற அரவைப் பிரிவு ஆட்களுக்கு மட்டும் இரண்டும் ஒரே திரையில் வேண்டும் என்றார்கள், தூசியில் நிற்பவர்கள் அவர்கள்தானே. ஆகவே அந்த இரண்டு பிள்ளைகளையும் தாயாகக் கொண்டு 'அரவை ஆள்' என்று மூன்றாவது மாடல். வாரா வாரம் எக்ஸ்ரே எடுக்க வேண்டியவர்கள் பட்டியல் அதிலிருந்துதான் அச்சாகும். பட்டியலில் பெயர் வந்தால் ஃபோர்மேன் வழியாகச் சீட்டு போகும். சீட்டு இல்லாமல் அரவையை விட்டு யாரும் மருத்துவ அறைக்குப் போக முடியாது.

பெங்களூரிலிருந்து வந்து எங்களோடு ஒரு மாதம் உட்கார்ந்த இன்ஜினீயர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஓல்டு ஸ்டைல் மேடம். இப்ப ஒவ்வொரு மாடலும் ஒரு தனி வீடு. உள்ளே என்ன பேர் வேணா வச்சுக்கலாம். முன்னாடி ரெண்டு லெட்டர் எல்லாம் எதுக்கு?" என்றார். எனக்கு வெல்லக்கட்டியைக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. இரண்டெழுத்தை எல்லாம் எடுத்துவிட்டேன்.

ஆள்பிரிவு மாடலில் அடையாள அட்டையைப் புதுப்பிக்க வேண்டிய நாளுக்கு 'அடுத்த தேதி' என்று பெயர் வைத்தேன். மருத்துவ அறை மாடலில், அடுத்த எக்ஸ்ரே எடுக்க வேண்டிய நாளுக்கும் 'அடுத்த தேதி' என்றே வைத்தேன். பதிவேட்டில் எழுதும்போது முதல் வரியில் பெயரை முழுசாக எழுதினேன். அடுத்த வரியில் அதே பெயர்தானே என்று இரண்டு சின்னக் கோடு இழுத்தேன். டிட்டோ. எங்கள் தொழிற்சாலையில் எந்த லெட்ஜரைத் திறந்தாலும் பக்கம் முழுக்க டிட்டோவாக இருக்கும், கை தானாக இழுக்கும். ஆனால் இந்த நோட்டில் அதுவரை ஒரு டிட்டோகூட விழுந்ததில்லை. இரண்டெழுத்து இருந்தவரை எந்தப் பெயரும் இன்னொன்றைப் போல இல்லாததால் டிட்டோ போட இடமே வந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை பெங்களூர்க்காரர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அவருக்கு முன்னால் வாய்விட்டுப் படிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மை அவ்வளவுதான், வேறு காரணம் எதுவும் இல்லை. சார் மேனேஜர் அறையிலிருந்து அவசரமாக வந்தார், திரும்பவும் அங்கே போக வேண்டும்.

"படிச்சாச்சா?" என்றார்.

"ஆச்சு சார்" என்றேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இரண்டு தாயிடமும் ஒரே பெயர் இருந்தால் அந்த ஃப்ரேம்வொர்க் முதலில் எழுதிய தாயுடையதை எடுத்துக்கொள்ளும். நான் ஆள்பிரிவை முதலில் எழுதியிருந்தேன். ஆகவே எக்ஸ்ரே பட்டியல் பார்த்ததெல்லாம் அடையாள அட்டையின் தேதியை. இதை ஒருவரும் கண்டுபிடிக்காததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தொழிற்சாலையில் ஒருவர் எந்த மாதம் வேலைக்குச் சேர்ந்தாரோ அந்த மாதத்தில்தான் வருஷா வருஷம் அட்டையும் புதுப்பிப்பார்கள், எக்ஸ்ரேவும் எடுப்பார்கள். ஒரே நாளில் இரண்டு வேலையையும் முடித்துவிடலாம் என்று எப்போதோ ஏற்படுத்திய வழக்கம். ஆகவே நுரையீரல் நன்றாக இருப்பவர்களுக்கு எந்தத் தேதியை எடுத்தாலும் சரியாகவே வந்தது. படத்தில் ஏதோ தெரிகிறது, சீக்கிரம் திரும்பி வா என்று டாக்டர் யாரைச் சொன்னாரோ அவர்களுக்கு மட்டும் தப்பாக வந்தது.

முன்பெல்லாம் மருத்துவ அறையில் கம்பவுண்டர் ஒரு மரப்பெட்டியில் தேதிவாரியாக அட்டைகளைச் செருகி வைத்திருப்பார். புதிய பட்டியல் வந்ததும் அந்தப் பெட்டியை குடோனுக்கு அனுப்பச் சொன்னதும் நான்தான்.

அந்த செப்டம்பரில் ஒருநாள் மத்தியானம் எங்கள் அறையின் கண்ணாடிச் சன்னலைத் தட்டிக்கொண்டு ஒருவர் நின்றார். நாற்பது வயதிருக்கும். புருவத்தில் கல்மாவு. உள்ளே வரக்கூடாது என்று தெரிந்து, செருப்பு கழற்றும் இடத்துக்கும் அப்பால் தள்ளி நின்று கையை நீட்டித் தட்டினார். நான் சன்னலைத் திறந்தேன். என்னோடு கன்னடத்தில் ஆரம்பித்தவர், என் மேஜையில் இருந்த தமிழ்ப் பத்திரிகையைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"அரவையில இருக்கறனுங்க. பேரு மாதையன். ஊரு மார்டள்ளிங்க நமக்கு. மே மாசம் படம் எடுத்தப்ப டாக்டரம்மா மூணு மாசத்துல மறுக்கா வரணும்னு சொன்னாங்க. சீட்டே வரலீங்களே. கம்பவுண்டரக் கேட்டா, பட்டியல்ல இல்ல, கம்ப்யூட்டர்ல கேளுங்கறாரு."

நான் டிக்கெட் எண்ணைக் கேட்டுத் தட்டினேன். திரையில் அடுத்த வருஷம் மே மாதம் என்று வந்தது.

"உங்களுக்கு அடுத்த மே மாசம்தான்."

"மூணு மாசம்னாங்களே மேடம். ராவுல இருமலு நிக்க மாட்டேங்குதுங்க."

"டாக்டர் பொதுவாச் சொல்லியிருப்பாங்க. இங்கே தேதி தெளிவா இருக்கு. கம்ப்யூட்டர் மாத்திச் சொல்லாது."

இதைச் சொன்னபோது எனக்கு எரிச்சல்கூட இல்லை. அன்பாகத்தான் சொன்னேன். பெருமையாகவும் சொன்னேன். அவர், "அப்பச் சரிங்க, நாந்தான் தப்பாக் கேட்டுட்டனோ என்னமோ" என்று சொல்லிவிட்டுப் போனார். தூசி உள்ளே வருமே என்று சன்னலை உடனே சாத்தினேன்.

மறு வருஷம் ஏப்ரலில், இரண்டாயிரத்துச் சோதனைக்காக மெஷினின் தேதியை முன்னே தள்ளி வைத்து ஒவ்வொரு பட்டியலாக அச்சடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரே பட்டியலைச் சரிபார்க்க டாக்டரின் கையெழுத்து நோட்டை வாங்கி வந்து பக்கத்தில் வைத்தேன். வரிசையாக ஒத்துப்போனது. பிறகு ஒன்று ஒத்துப்போகவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மொத்தம் ஏழு பேர். ஏழு பேருக்கும் டாக்டர் நோட்டில் சிவப்பு மையில் மூன்று மாதம், நான்கு மாதம் என்று எழுதியிருந்தார். ஐந்தாவது பெயர் மாதையன்.

கால் மணி நேரத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. டாக்டர் நோட்டை மூடி வைத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னவென்று கேட்டபோது தலைவலி என்று சொன்னேன். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு நரசிம்மன் சாரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் முதலில் அந்த ஏழு பேரின் சீட்டையும் தன் கையாலேயே எழுதி, அன்றைய ஷிஃப்ட் ஃபோர்மேனிடம் ஆள் அனுப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அந்தப் பக்கத்தை எடுத்தேன். இரண்டு சின்னக் கோடு. அடியில் அவருடைய கையெழுத்து. பார்த்தார். பென்சிலை எடுக்கவில்லை.

"அன்னிக்கு வாய்விட்டுப் படிச்சியாம்மா?"

இன்னொரு பொய் சொல்ல வரவில்லை. "இல்ல சார்."

"படிச்சிருந்தா காதுல விழுந்திருக்கும்" என்றார். திட்டுவதற்காகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டுப் பார்ப்பவர் மாதிரி சொன்னார்.

அன்றே மேனேஜருக்கு அறிக்கை எழுதினார். எனக்குப் படித்துக் காட்டினார். பெயர்களைச் சரிபார்க்காமல் கையெழுத்திட்டது தன் பிழை என்றும், தவறைக் கண்டுபிடித்தவர் வசந்தா என்றும் அதில் இருந்தது. இரண்டும் பொய்யில்லை. படிக்காமலே படித்தேன் என்று நான் சொன்னது மட்டும் அதில் இல்லை.

"சார், என் பேரையும்..." என்று இழுத்தேன்.

"கையெழுத்து என்னுது. உனக்கு இன்னும் இருபது வருஷம் சர்வீஸ் இருக்கு. எனக்கு எட்டு மாசம். வீட்டுக்குப் போ, ஹொத்தாயித்து, நேரமாச்சு" என்றார்.

நான் போனேன். அதற்குப் பிறகும் வாய் திறக்கவில்லை. மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தபோது, கண்டுபிடித்த விதத்தை மட்டும் விவரமாகச் சொன்னேன். சாரை அடுத்த மாதக் கடைசியிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரிவு உபசாரம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதாகச் சொன்னார்கள். கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. ஜூன் முதல் தேதி அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

ஏழு பேரில் ஆறு பேருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. மாதையனின் படத்தை டாக்டரம்மா விளக்கு வெளிச்சத்தில் மாட்டினார். நானும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போயிருந்தேன். பழைய படம் ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம். பழையதில் மேலே நாலைந்து புள்ளி, அவ்வளவுதான். புதியதில் பாதி நெஞ்சு வெள்ளையாக இருந்தது. கல் தூசி படிந்த நுரையீரலில் டி.பி.யும் வந்து உட்கார்ந்துவிட்டது என்றார்.

"ஆவாக்லே பந்தித்ரே..." என்று ஆரம்பித்தவர், மாதையன் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அப்போதே வந்திருந்தால் என்பதற்கு அப்புறம் என்ன என்று மாதையனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. டி.பி.க்கு மருந்து உண்டு, குணமாகும், ஆனால் போன நுரையீரல் போனதுதான் என்று, மாதையன் வெளியே போன பிறகு டாக்டரம்மா என்னிடம் சொன்னார். ஆகஸ்டிலேயே அரவையிலிருந்து எடுத்திருந்தால் அந்த மனிதர் சொந்தக் காட்டில் உழுது பிழைத்திருக்கலாம் என்றும் சொன்னார்.

மார்டள்ளியில் அவருக்கு மானாவாரி நிலம் கொஞ்சம் இருந்தது. அரவையில் இன்னும் சில வருஷம் நின்றுவிட்டு, ஊரோடு போய்ச் சோளமோ ராகியோ விதைத்துக்கொண்டு இருந்துவிடுவது என்பது அவருடைய எண்ணம். இனி ஏர் பிடிக்க முடியாது. மருந்து முக்கால்வாசி முடிந்து, மற்றவருக்குத் தொற்றாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும் நிர்வாகம் அவரை மெயின் கேட்டில் உட்கார வைத்தது. ஒரு ஸ்டூல், ஒரு நோட்டு. வருகிறவர்களின் நேரத்தை எழுத வேண்டும், லாரி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும்.

அப்போதுதான் எனக்குத் தண்டனை ஆரம்பித்தது. தினமும் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நான் கேட்டை நெருங்கும்போதே மாதையன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிடுவார். எழுந்திருப்பது அவருக்கு லேசான காரியம் இல்லை. ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மூச்சை இழுத்து, பாதி எழுந்து, ஒரு கணம் நின்று, அப்புறம்தான் நிமிர்வார்.

"எதுக்கு எந்திரிக்கிறீங்க? உக்காந்திருங்க" என்பேன்.

"அதெப்படிங்க அம்மணி? நீங்க பாத்துக் கண்டுபுடிக்காட்டி நான் அந்தத் தூசியிலயே கெடந்து போயிருப்பேன். எங்க ஊட்டுல தெனமும் உங்களச் சொல்லித்தான் வெளக்கு வைக்கறாளுங்க."

சன்னலில் மேடம் என்று கூப்பிட்டவர் இப்போது அம்மணி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். ஊருக்குப் போய் வந்தால் ஒரு பை நிறைய அவரைக்காயோ, மலைத்தேனோ கொண்டுவந்து தருவார். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். வாங்கிக்கொண்டு போய் வீட்டில் வைத்துவிட்டு நான் சாப்பிடாமல் இருந்தேன். பின் கேட் வழியாகப் போகலாமா என்றுகூட யோசித்தேன். அது பூட்டியிருக்கும்.

டிசம்பரில் நிர்வாகம் ஒரு கூட்டம் போட்டது. இரண்டாயிரத்துக்கு எல்லாம் தயார் என்று எல்லோருக்கும் தைரியம் சொல்லும் கூட்டம். அதில் என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். ஏழு தொழிலாளிகளின் உயிரைக் காத்தவர் என்று மேனேஜர் பேசினார். நரசிம்மன் சாரின் பெயரைச் சொல்லாமல், முன்பு நடந்த கவனக்குறைவு என்று ஒரு வார்த்தை சொல்லித் தாண்டினார். நான் கைகூப்பினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

சாயங்காலம் சால்வையைக் கையில் மடித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஷிஃப்ட் முடிந்து கூட்டம் போய்விட்டிருந்தது. மாதையன் சுவரைப் பிடித்து எழுந்தார். கைதட்ட முயன்றார், இருமல் வந்துவிட்டது. அது அடங்கும்வரை நின்றேன். இதற்கு மேல் என்னால் முடியாது என்று தோன்றியது.

"மாதையன், உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

உட்கார்ந்தார். "சொல்லுங்க அம்மணி."

"அந்தத் தப்பைப் பண்ணினதே நான்தான். ரெண்டு தேதிக்கும் ஒரே பேர் வச்சது நான். சரிபார்க்காமலே சரிபார்த்தாச்சுன்னு சொன்னதும் நான். நரசிம்மன் சார் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். அவர் என் பேரைச் சொல்லலை. நானும் சொல்லலை."

 அவருக்குப் புரியவில்லையோ என்று நினைத்தேன். புரிந்திருந்தது.

"நான் சன்னல்ல வந்து கேட்டனே. அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாது. சத்தியமாத் தெரியாது. ஆனா மருத்துவ அறைக்கு ஒரு போன் போட்டு டாக்டர் நோட்டைப் பாருங்கன்னு கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"போன் உங்க மேசை மேலயேதான் இருந்துதுங்க" என்றார். "நான் பாத்தேன்."

"ஆமாம்."

"அன்னைக்கே எடுத்துருந்தா, எனக்கு இவ்வளவுக்கு ஆயிருக்காதுங்களா?"

டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். உழுது பிழைத்திருக்கலாம் என்றதையும் சொன்னேன். மறைத்தது போதும் என்று இருந்தது. இப்போது யோசித்தால், அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்றும் தோன்றுகிறது. என் பாரத்தை இறக்கி அவர் தலையில் வைத்துவிட்டேனோ என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. மாதையன் சுவரில் கையை ஊன்றி எழுந்தார்.

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் திறக்கப் போனார்.

மறுநாள் மேனேஜரிடமும் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, முடிந்த விஷயத்தை ஏன் கிளறுகிறாய், இப்போது போய் இது வெளியே தெரிந்தால் யாருக்கு நல்லது என்று அந்தத் தாளை மேஜை இழுப்பறையில் போட்டார். அதோடு சரி. நாற்காலி என்னிடமே இருந்தது. ஃப்ரேம்வொர்க்கில் ஒரே பெயர் இரண்டு தாயிடம் இருந்தால் ஓடாமல் நிற்கும்படி நானே ஒரு சோதனை எழுதிச் சேர்த்தேன். சௌம்யா வேலைக்கு வந்தபோது, பெயர் விஷயத்தில் இந்த அம்மாள் ஏன் இப்படி உயிரை எடுக்கிறாள் என்று மற்றவர்களிடம் கேட்டாளாம்.

மேனேஜரிடம் எழுதிக் கொடுத்த அன்று காலை, வழக்கம்போல பஸ்ஸை விட்டு இறங்கிக் கேட்டை நோக்கி நடந்தேன். எனக்கு முன்னால் போன குமாஸ்தாவுக்காக மாதையன் எழுந்து நின்றிருந்தார். குமாஸ்தா உள்ளே போனதும் உட்கார்ந்தார். நான் வந்தேன். நோட்டில் என் பெயருக்கு நேரே நேரத்தை எழுதினார். தலையைத் தூக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம், மூச்சு அறவே முடியாமல் ஊருக்குப் போகும்வரை, அவர் அந்தக் கேட்டில் இருந்தார். மேனேஜர் வந்தால் எழுந்து நின்றார். தபால்காரர் வந்தால் எழுந்து நின்றார். லாரி டிரைவருக்கும் கிளீனருக்கும்கூட எழுந்து நின்றார். எனக்கு மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.